ஆறாத வால்

பூனைக்கு வாலில் அடிபட்டால் முதலில் செய்யக் கூடாத காரியம், அதன் மேல் ரப்பர் பாலை ஊற்றிக் கட்டுவது. இதை எந்த மிருக வைத்தியரும் எங்கும் எழுதி வைத்திருக்க மாட்டார். எழுதவேண்டிய அவசியம் எங்கள் அப்பா ஒருவரால்தான் வந்திருக்கும்.

எங்கள் தோட்டம் இலங்கையில், புளத்கொகுபிட்டிய என்ற ஊருக்கு மேலே இருந்தது. உச்சியில் கொஞ்சம் தேயிலை, மற்றதெல்லாம் ரப்பர். அப்பாவும் அம்மாவும் பால் வெட்டப் போகிறவர்கள். விடியும் நேரத்தில் மரத்தைக் கீறிவிட்டு, சிரட்டைகளில் வடிந்த பாலை வாளியில் சேர்த்துக் கொண்டுபோய் நிறுக்கிற இடத்தில் ஊற்றுவது அவர்கள் வேலை. அந்தப் பால் காய்ந்தால் இன்னொரு தோல் போல ஒட்டிக்கொள்ளும். அப்பாவுக்கு அதன் மேல் அபாரமான நம்பிக்கை. ஓட்டை வாளி, கிழிந்த குடை, வாய் பிளந்த என் பள்ளிக்கூடச் சப்பாத்து, கத்தி பட்ட அவருடைய விரல் எல்லாவற்றுக்கும் ஒரு துண்டுத் துணியும் ஒரு சிரட்டைப் பாலும்தான் மருந்து. எங்கள் வீட்டில் உடைந்த சாமான் எதுவும் முழுதாகச் சரியானதில்லை, முழுதாக வீசப்பட்டதும் இல்லை. எல்லாவற்றிலும் புளித்த பால் நாற்றம் மட்டும் நிரந்தரமாக இருந்தது.

எனக்கு அப்போது நான்காம் வகுப்பு. சூட்டி என்னுடைய பூனை. சூட்டி என்றால் சிங்களத்தில் சின்னது என்று அர்த்தம். கோயில் மேட்டில் நனைந்துகொண்டு கிடந்ததை நான்தான் தூக்கி வந்தேன், நான்தான் பெயர் வைத்தேன், என் காலடியில்தான் அது தூங்கும். இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. அந்தப் பூனை யாருடையது என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எங்களுக்கு முன்னால் இஸ்தோப்பு என்கிற ஒரு திண்ணை, அதை ஒட்டி காம்பரா என்கிற ஓர் அறை, பின்னால் அடுப்படி. அடுப்படிக்குப் பக்கத்தில் அப்பா தகரம் போட்டு ஒரு சின்ன அறை இறக்கியிருந்தார். அந்த அறையில் நானும் சூட்டியும் படுத்திருந்தோம், அக்கா திரும்பி வரும்வரை.

அக்காவுக்கும் எனக்கும் பத்து வயதுக்குக் கிட்ட வித்தியாசம். பள்ளிக்கூடம் முடித்ததும் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்குப் போனாள். தீபாவளிக்கு வருவாள், எனக்குக் கிளிப்பும் அம்மாவுக்குச் சேலையும் கொண்டுவருவாள், சிரித்துக்கொண்டே இருப்பாள். அந்த வருஷம் தீபாவளிக்கு வெகுநாள் இருக்கும்போதே, மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், ஒரு துணிப்பையோடு வந்து நின்றாள். வருவதாக ஒரு போன்கூட இல்லை. நேரே அந்தச் சின்ன அறைக்குள் போய், சுவரைப் பார்த்துப் படுத்தாள். கொழும்பில் என்ன நடந்தது என்பதைப் பின்னாளில் அவள் அம்மாவிடம் சொன்னாள். அம்மா என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தெரிந்திருந்தாலும் இங்கே எழுத மாட்டேன். அது அவளுடையது.

அக்காவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று எனக்குச் சொல்லப்பட்டது. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, மருந்தும் இல்லை. சோறு போட்டு வைத்தால் அப்படியே இருக்கும். தலை சீவமாட்டாள். கூப்பிட்டால் திரும்பமாட்டாள். எந்நேரமும் கதவு சாத்தியிருக்கும். என் படுக்கை காம்பராவுக்கு வந்துவிட்டது. அம்மா மட்டும் பாயை இழுத்துக்கொண்டு போய் அந்த அறை வாசலுக்குக் குறுக்கே போட்டுப் படுக்க ஆரம்பித்தாள். காம்பராவில் கூரை ஒழுகுகிறதே, அதனால்தான் இடம் மாறிப் படுக்கிறாள் என்று நான் நினைத்தேன். கூரை என் தலைக்கு மேல்தான் ஒழுகியது.

அந்தக் காலத்து அம்மாவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அவளுடைய அசதிதான். இருட்டோடு எழுந்து ரொட்டி தட்டி, தேத்தண்ணி ஊற்றி, ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு ஓடி, மழை விட்டிருந்தால் பால் வெட்டி, விடாவிட்டால் புல் வெட்டி, அட்டை கடித்த காலோடு திரும்பி வருவாள். வந்ததும் முகம் கழுவுவதற்கு முன்னால் அந்தக் கதவைத் திறந்து பார்ப்பாள். பார்த்துவிட்டு அடுப்படிப் படியில் உட்கார்ந்தால், தேத்தண்ணிக் கோப்பை கையில் இருக்கும்போதே கண் மூடிவிடும். அசைந்தால் உடனே விழித்துக்கொண்டு மறுபடியும் கதவைப் பார்ப்பாள். அப்படி ஒருத்தி சரியாகத் தூங்காமல் எவ்வளவு நாள் ஓடமுடியும் என்று இப்போது நினைத்தால் எனக்கே களைப்பாக இருக்கிறது.

சூட்டிக்கு இந்த விஷயமெல்லாம் தெரியாது. அதனுடைய இடம் அந்த அறைக் கட்டில். கதவு கொஞ்சம் திறந்தால் நுழையப் பார்க்கும். ஒரு நாள் அக்கா பின்பக்கம் போய்விட்டுத் திரும்பி, கதவைப் பின்கையால் இழுத்துச் சாத்தினாள். பூனை அவள் காலோடு உள்ளே போய்விட்டது, வால் போகவில்லை. பலகைக் கதவு, மழையில் ஊறிக் கனத்திருந்தது.

பூனை கத்தியதைவிட அக்கா கத்தியதுதான் லயம் முழுவதும் கேட்டது. வந்த நாளிலிருந்து அவள் வாயைத் திறந்தது அப்போதுதான். வால் நடுவில் மடிந்து, தோல் கிழிந்து ரத்தமாகத் தொங்கியது. அவள் தரையில் உட்கார்ந்து, நான் சாகடிச்சிட்டேன், நான் சாகடிச்சிட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பூனை சாகவில்லை, கட்டிலுக்கு அடியில் போய் என்னை முறைத்துக்கொண்டிருந்தது. நான் அக்காவைத் திட்டினேன். அது என் பூனை.

அப்பா வேலையிலிருந்து வந்து பார்த்தார். அவர் முகத்தில் கவலை இருந்தது, கூடவே தன் நேரம் வந்துவிட்டது என்ற ஒரு மிடுக்கும் இருந்தது. வாளியின் அடியில் மிச்சமிருந்த பாலைச் சிரட்டையில் வழித்தார். தென்னை ஈர்க்கை முறித்து வாலுக்கு முட்டுக் கொடுத்து, பழைய சாரத்துணியைக் கிழித்துச் சுற்றி, சுற்றுக்குச் சுற்று பாலைத் தடவி, அதன் மேல் இன்னொரு சுற்றும் போட்டார். பூனை அவர் கையைப் பிறாண்டியது. அந்தப் பிறாண்டலுக்கும் கொஞ்சம் பால் தடவிக்கொண்டார். காய்ந்த பிறகு வால் ஒரு சின்ன உலக்கை மாதிரி விறைத்து நின்றது. இனி அசையாது, எலும்பு தானாகக் கூடிவிடும் என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அன்று மாலையே அவர் இன்னொரு காரியமும் செய்தார். அந்த அறையின் உள்தாழ்ப்பாளைத் திருகாணி கழற்றி எடுத்துவிட்டார். மறுபடி வால் மாட்டக் கூடாது என்பதற்காக என்று நினைத்தேன். வாலுக்கும் தாழ்ப்பாளுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசிக்கவில்லை.

அடுப்படியில் அம்மா அப்பாவிடம் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"இந்தப் பூன மட்டும் செத்துச்சுன்னா அவ தாங்க மாட்டா. பொறகு நம்ம புள்ளய நம்மளால காப்பாத்த ஏலாது."

எனக்கோ ஆத்திரமாக வந்தது. பூனை செத்தால் நானல்லவா தாங்கமாட்டேன்? கதவைச் சாத்தியவளைப் பற்றிக் கவலைப்படுகிறார்களே, பூனைக்குச் சொந்தக்காரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே என்று போர்வைக்குள் அழுதேன்.

பால் காயும்போது சுருங்கும். அதைத் தினமும் கையாளுகிற அப்பாவுக்குத் தெரியாததல்ல. பூனையின் வாலும் ஓர் உயிருள்ள உறுப்பு என்பது மட்டும் அவருக்கு மறந்துவிட்டது. கட்டு ஒவ்வொரு நாளும் இறுகியது. சூட்டி நெத்தலி மீன் தலையை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அறையில் ரப்பர் நாற்றத்தோடு வேறு ஒரு நாற்றமும் சேர்ந்தது. அப்பா மருந்து வேலை செய்கிற வாசனை என்றார்.

ஒரு நாள் சாயங்காலம் அம்மா வந்து படியில் உட்காருவதற்குள் அந்தக் கதவு தானாகத் திறந்தது. அக்கா நின்றாள். முடி சடைபிடித்துக் கிடந்தது.

"அம்மா, வாலு குளுந்து போய்க் கெடக்கு. கட்டுக்குக் கீழ கறுத்துருச்சு."

அம்மா எழுந்து போய்ப் பார்த்தாள். பிறகு அக்காவையும் பார்த்தாள். காலையில் பூனையைப் பட்டணத்துக்குக் கொண்டுபோகிறேன், நீ பயப்படாதே என்றாள்.

பூனைக்கு வைத்தியம் பார்க்க வேலையை விட்டுவிட்டுப் போனவர்கள் எங்கள் தோட்டத்தில் அதுவரை யாரும் இல்லை. மாட்டுக்குப் போவார்கள். பூனை செத்தால் இன்னொரு பூனை. கங்காணியிடம் அம்மா பெரியவளுக்குக் காய்ச்சல் என்று சொல்லித்தான் லீவு கேட்டாள். பூனைக்கு என்று சொல்லியிருந்தால் பெரட்டே சிரித்திருக்கும். பொய் சொல்லக் கூடாது என்று என் வாயில் எத்தனையோ தடவை போட்டவள் இவள்தான் என்று நான் மனதுக்குள் குறித்துக்கொண்டேன். என்னையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. அம்மாவுக்குக் கடைத்தெருச் சிங்களம் நன்றாக வரும், வைத்தியரோடு பேசுகிற சிங்களம் வராது. எனக்கு வரும்.

பூனையை உரப்பையில் போட்டுத்தான் தூக்கிக்கொண்டு இறங்கினோம். சந்தியில் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா பார்த்துவிட்டு, அப்படிக் கொண்டுபோனால் மூச்சு முட்டும் என்று ஒரு பிஸ்கட் பெட்டியைக் காலிசெய்து, பக்கத்தில் ஓட்டைகள் குத்திக் கொடுத்தார். பஸ்ஸில் வளைவுக்கு வளைவு சூட்டி ஊளையிட்டது. நாற்றம் வேறு. கண்டக்டர் முறைத்தார். அம்மா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, எதையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.

மிருக வைத்தியர் கண்ணாடி போட்ட, எங்கள் அம்மாவைப் போலவே களைத்துப்போன ஒரு மனிதர். எங்களுக்கு முன்னால் ஆடு, நாய், மாட்டுக்கு மருந்து கேட்டு வந்தவர்கள் எல்லாரும் போனபிறகு பெட்டியைத் திறந்தார். கத்தரிக்கோலைக் கட்டுக்குள் விட்டால் ரப்பர் அதைக் கவ்விக்கொண்டது. வெகுநேரம் மல்லுக்கட்டிவிட்டு, இதைக் கட்டியது யார் என்று கேட்டார். எங்க அப்பா என்றேன். அவர் டொக்டரா என்றார். இல்லை, பால் வெட்டுகிறவர் என்றேன். அது அவருக்கு விளங்கியிருந்தது என்பது எனக்கு விளங்கவில்லை.

வாலின் பெரும்பகுதி செத்துவிட்டது, வெட்டத்தான் வேண்டும் என்றார். நான் அழுதேன். அவர் அதைக் கவனிக்காமல், பூனை மூத்திரம் போகிறதா என்று கேட்டார். இவ்வளவு பெரிய செய்தியைச் சொல்லிவிட்டு இவர் மூத்திரத்தைப் பற்றிக் கேட்கிறாரே என்று எனக்குக் கோபம். அம்மா விஷயத்தை உடனே பிடித்துக்கொண்டாள். ஏன் என்று கேட்கச் சொன்னாள். வாலின் அடியில் போகிற நரம்பும் மூத்திரப் பைக்குப் போகிற நரம்பும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, வால் நசுங்கினாலோ இழுபட்டாலோ சிலவேளை மூத்திரம் அடைத்துவிடும், அடைத்தால் பூனை பிழைக்காது, வாலில்லாமல் எத்தனை வருஷமும் இருக்கும் என்றார். நான் தமிழில் சொல்லச் சொல்ல அம்மா என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊசி போட்டுப் பூனையை உள்ளே எடுத்துப் போனார்கள். வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்தோம். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அம்மா சுவரில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி அடித்துப்போட்டதுபோல் தூங்கிவிட்டாள். பகலில் அவள் அப்படித் தூங்கி நான் பார்த்ததேயில்லை. அந்த அறை வாசலை விட்டு அவ்வளவு தூரம் வந்தும் எப்படித் தூங்கினாள் என்று இப்போது யோசிக்கிறேன். அன்று அப்பா வேலைக்குப் போகாமல் இஸ்தோப்பில் கூடை கட்டிக்கொண்டிருந்தார். அதுவும் எனக்குப் பிறகுதான் பொருந்தியது.

வால் இருந்த இடத்தில் ஒரு விரல் நீளத்துக்கு மொட்டையாக, தையல் போட்டுக் கொடுத்தார்கள். வைத்தியர் வரிசையாகச் சொன்னார். எதையும் சுற்றிக் கட்டவே கூடாது. இரண்டாம் தடவை அதை என்னைப் பார்த்துச் சொன்னார், வீட்டில் அப்பாவிடம் சொல்லவேண்டும் என்பதற்காக. வெளியே விடக் கூடாது. காயத்தை நக்க விடக் கூடாது, பிளாஸ்டிக் டப்பாவின் அடியை வெட்டிக் கழுத்தில் மாட்டலாம். மாத்திரையைப் பொடிசெய்து மீனில் கலந்து கொடுக்கவேண்டும். மூத்திரம் போகிறதா என்று ஒவ்வொரு நாளும் பார்க்கவேண்டும், போகாவிட்டால் தாமதிக்காமல் கொண்டுவர வேண்டும். கடைசியாக, பகல் முழுக்கக் கூட இருந்து பார்க்க வீட்டில் ஆள் இருக்கிறதா என்று கேட்டார்.

நான் இருக்கிறேன், பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று சிங்களத்தில் சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் தோளைப் பிடித்து அழுத்தினாள்.

"பெரிய புள்ள இருக்குன்னு சொல்லு. அவ பாத்துக்குவான்னு சொல்லு."

அப்படித்தான் என் பூனை என் கையை விட்டுப் போனது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பெட்டியை அக்காவின் கட்டிலில் வைத்தாள். மருந்துக்கு மயங்கிச் சரிந்துகிடந்த பூனையைப் பார்த்து அக்கா எழுந்து உட்கார்ந்தாள். டொக்டர் உன் பேரைச் சொல்லித்தான் தந்துவிட்டிருக்கிறார் என்பதுபோல அம்மா ஒவ்வொன்றாகச் சொன்னாள். அக்கா தலையாட்டினாள். டப்பாவை வெட்டிக் கழுத்துக்கு மாட்டினாள். ஓரம் கூராக இருக்கிறது, கொஞ்சம் பால் தடவினால் மெத்தென்று இருக்கும் என்றார் அப்பா. அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தண்ணீர் பிடிக்கிற பீலிப் பக்கம் போய்விட்டார்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் ஒரே ஒரு கேள்விதான் முக்கியமானது. பால் வாளியை இறக்கி வைக்கும்போதே அம்மா கேட்பாள், மூத்திரம் பேஞ்சதா என்று. பேஞ்சது என்பாள் அக்கா. எவ்வளவு, எங்கே, எப்போது என்று விசாரணை நடக்கும். அப்பாவும் இஸ்தோப்பில் இருந்தபடி காதைக் கொடுப்பார். பரீட்சையில் நான் எடுத்த புள்ளிகளைக்கூட அந்த வீட்டில் யாரும் அவ்வளவு ஆவலாகக் கேட்டதில்லை.

காலையில் மாத்திரை என்பதால் அக்கா எழுந்தாள். மீன் அவிக்க வேண்டும் என்பதால் அடுப்படிக்கு வந்தாள். மீன் அவிகிற நேரத்தில் ஒரு வாய் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டாள். உப்புத் தண்ணீரில் காயத்தைத் துடைத்த கையைக் கழுவப் பீலிக்குப் போனாள், போன இடத்தில் முகத்தையும் கழுவினாள். இதையெல்லாம் நான் நன்றிக் கண்ணோடு பார்த்தேன் என்று சொன்னால் அது சுத்தப் பொய். என் பூனைக்கு அவள் சோறூட்டுவதைப் பார்த்து வயிறு எரிந்தேன். சூட்டியும் துரோகி. நான் கூப்பிட்டால் டப்பாவோடு தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அக்காவின் மடியிலேயே படுத்துக்கொள்ளும்.

தையல் பிரிக்க மறுபடி அம்மாவும் நானும் போனோம். இம்முறை வைத்தியர் சிரித்தார். "ஹொந்தய், ஹொந்தய்" என்று பூனையின் முதுகைத் தட்டினார். நன்றாக ஆறிவிட்டது, மூத்திரமும் போகிறது, இனிப் பயமில்லை, இன்றைக்கே வெளியே விடலாம், ஆரம்பத்தில் தாவும்போது கொஞ்சம் தடுமாறும், பழகிவிடும். நான் துள்ளிக்கொண்டு அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா துள்ளவில்லை. எல்லாம் சரியா, ஒன்றும் மிச்சமில்லையா என்று இரண்டு தடவை கேட்கச் சொன்னாள். ஒன்றும் மிச்சமில்லை என்றார் அவர்.

பஸ்ஸில் அம்மா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் பேசிக்கொண்டே வந்தேன். இன்று இரவு பூனை என் காலடியில் படுக்கும் என்றேன். அவள் என் தலையைத் தடவினாள். அழுகிறாளோ என்று பார்த்தேன், அழவில்லை. நீண்ட தூரம் நடந்து வந்தவளிடம் இன்னொரு மலை இருக்கிறது என்று சொன்னால் எப்படி இருப்பாளோ அப்படி இருந்தாள்.

வீட்டு வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். டொக்டர் என்ன சொன்னார் என்று அவளாகவே கேட்டாள். அம்மா செருப்பைக் கழற்றிக்கொண்டே பதில் சொன்னாள்.

"தையல் பிரிச்சாச்சு புள்ள. ஆனா உள்ளுக்கு இன்னும் ஆறலையாம். வெளிய விடக் கூடாதாம். கூட ஆள் இருந்து பாத்துக்கிட்டே இருக்கணுமாம்."

நான் வாயைப் பிளந்தேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் வாய் தானாக மூடிக்கொண்டது. பிறகு பீலியில் அவளைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். டொக்டர் அப்படிச் சொல்லவே இல்லையே, நான்தானே தமிழில் சொன்னேன், ஏன் பொய் சொன்னாய்? அம்மா குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். எனக்கு இப்போது விளக்கம் சொல்லத் தெம்பில்லை, நீ சும்மா இரு என்றாள். அடித்திருந்தாலும் பரவாயில்லை, அந்தக் குரலை எதிர்த்துப் பேச முடியவில்லை.

அந்த வைத்தியரை நாங்கள் பிறகு பார்க்கவே இல்லை. ஆனால் அவருடைய புதிய புதிய உத்தரவுகள் வந்தபடி இருந்தன. பூனைக்குக் காலை வெயில் படவேண்டும் என்று ஒரு தடவை. அக்கா அதைத் தூக்கிக்கொண்டு இஸ்தோப்பில் வந்து உட்கார்ந்தாள். பாசிப் பச்சையாக இருந்த அவள் முகத்திலும் வெயில் பட்டது. பூனைக்கு நடை வேண்டும், ஆனால் தனியாக விடக் கூடாது என்று இன்னொரு தடவை. அக்கா இடுப்பில் வைத்துக்கொண்டு லயத்துக் கோடிவரை நடந்தாள், பிறகு பீலிவரை, பிறகு கோயில் மேடுவரை. பக்கத்து வீட்டுப் பெண்கள் வாலைப் பற்றி விசாரித்தார்கள், அவள் பதில் சொன்னாள். வாலைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பிறகு வேறு பேச்சும் வருமல்லவா. அப்பா தன் பங்குக்கு, டொக்டரே கட்டின் உறுதியைப் பார்த்து அசந்துபோனார் என்று எல்லாரிடமும் சொல்லிவைத்தார்.

நான் மட்டும் அந்த வீட்டில் உண்மையைச் சுமந்துகொண்டு திரிந்தேன். சூட்டிக்கு மொட்டை வாலில் முடிகூட வளர்ந்துவிட்டது. ஜன்னலில் ஏறி வெளியே அணில் ஓடுவதைப் பார்த்து வாலின் மிச்சத்தை ஆட்டும். ஒரு தவறும் செய்யாத ஜீவனை அடைத்து வைத்திருக்கிறார்களே என்று எனக்குத் தாங்கவில்லை. அம்மா மேல் இருந்த கோபமும் சேர்ந்துகொண்டது.

அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போயிருந்த ஒரு விடுமுறை நாளில் அக்காவிடம் போய் நின்றேன். அவள் இஸ்தோப்பில் பூனைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள், தன் தலையை ஏற்கெனவே சீவிப் பின்னியிருந்தாள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். டொக்டர் அன்றைக்கே விடலாம் என்றார், அம்மா உன்னிடம் பொய் சொன்னாள், வெயிலும் பொய், நடையும் பொய். சொல்லி முடித்ததும் எனக்கு மூச்சு வாங்கியது. அக்கா எழுந்து அம்மாவோடு சண்டைக்குப் போவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சீப்பில் சிக்கிய முடியை எடுத்துப்போட்டாள்.

"தெரியும்டி."

"தெரியுமா?"

"தெனமும் தொடச்சுப் பாக்குறவ நான். ஆறுனது தெரியாதா எனக்கு?"

அப்படியானால் ஏன் விடவில்லை என்று கத்தினேன். அவள் ரப்பர் மரங்கள் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு என்னை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். கொழும்பிலிருந்து வந்தபிறகு என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"அம்மா இப்பத்தான் ராத்திரில தூங்குது. பூன கூட நான் இருக்கேன்னு நம்பித்தான் தூங்குது. வாலு ஆறிருச்சுன்னு நான் சொன்னேன்னா அம்மா மறுபடி வாசல்ல வந்து படுத்துக்கிரும். நீ ஒண்ணும் சொல்லிறாத, என்ன?"

உண்மைதான். அம்மாவின் பாய் எப்போதோ காம்பராவுக்குத் திரும்பியிருந்தது. நான் கவனித்திருந்தேன், மழை குறைந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். அக்கா சொன்னதில் எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அம்மா தூங்குவதற்கும் என் பூனை அடைபட்டுக் கிடப்பதற்கும் என்ன தொடர்பு? பெரியவர்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று முடிவுசெய்தேன். ஆனாலும் சரி என்று தலையாட்டினேன், அவள் கை என் தோளில் இருந்ததால்.

அக்கா இப்போது எம்பிலிப்பிட்டியவில் இருக்கிறாள். புருஷனும் அவளுமாகத் துணிக்கடை வைத்திருக்கிறார்கள். தொலைபேசியில் பேசினால் எனக்குப் பேச இடம் கொடுக்கமாட்டாள். அந்த வருஷத்தைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. அம்மா இருந்தபோதும் அவர்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதை நான் கேட்டதில்லை. ஒருத்திக்குத் தெரியும் என்பது மற்றவளுக்குக் கடைசிவரை தெரிந்ததா என்றும் எனக்குத் தெரியாது. யாராவது ஒருத்தி வாயைத் திறந்திருந்தால் இரண்டு பேரும் உடைந்திருப்பார்கள் என்று மட்டும் இப்போது தோன்றுகிறது.

அக்கா என்னிடம் அப்படிச் சொன்ன அன்று மாலை அம்மா வந்தாள். வாளியை இறக்கி வைத்தாள். கையில் காய்ந்திருந்த பாலை உரித்துக்கொண்டே, பூனை எப்படி இருக்கிறது என்று வழக்கம்போலக் கேட்டாள். அக்கா என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தேத்தண்ணிக் கோப்பையை அம்மா கையில் கொடுத்தாள்.

"பரவால்லம்மா. இன்னும் கொஞ்ச நாள் ஆகும் போல."

"ஆகட்டும் புள்ள. அவசரம் இல்ல. நல்லா ஆறட்டும்."

அம்மா படியில் சாய்ந்து உட்கார்ந்து தேத்தண்ணியை ஊதிக் குடித்தாள். அக்கா அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆறிப்போய் மாதக்கணக்கான அந்த மொட்டை வாலைத் தடவிக்கொடுத்தாள். இரண்டு பேர் முகத்திலும் அப்படி ஒரு நிம்மதி. நான் அவர்களுக்கு நடுவில் இருந்து ரொட்டியைத் தின்றபடி, இந்த வீட்டில் உண்மையாகக் கவலைப்படுகிறவள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டேன்.